படம் சொல்லும் பாதிக் கதை

கோடை விடுமுறைக்காக மூன்று முதல் ஏழு வயது வரையுள்ள குழந்தைகளுக்குப் புத்தகம் வாங்கச் செல்லும் பெற்றோர், பக்கத்தில் எழுத்து எவ்வளவு இருக்கிறது, கதை முடிவில் என்ன நீதி சொல்லப்படுகிறது என்ற இரண்டையுமே பெரும்பாலும் முதலில் பார்க்கின்றனர். படப் புத்தகத்தின் தரத்தை இவ்விரண்டைக் கொண்டும் அறிய இயலாது. படப் புத்தகம் என்பது எழுத்தும் ஓவியமும் கதையின் பொறுப்பைப் பங்கிட்டுக்கொள்ளும் நூல். ஓவியங்களை நீக்கிய பிறகும் கதை குறைவின்றி நிற்குமானால், அது படங்கள் சேர்க்கப்பட்ட கதை நூலே தவிர, படப் புத்தகம் ஆகாது.

பாட் ஹட்சின்ஸ் எழுதி வரைந்து 1968இல் வெளிவந்த ‘ரோஸீஸ் வாக்’ இதற்குத் தெளிவான சான்று. ஒரு கோழி பண்ணையைச் சுற்றி உலாவிவிட்டு உணவு வேளைக்குக் கூடு திரும்புகிறது என்பதற்கு மேல் அதன் எழுத்து எதையும் கூறுவதில்லை. ஆங்கில மூலத்தில் மொத்தமே 32 சொற்கள்தாம். ஆனால் ஓவியத்தில், கோழியின் பின்னால் ஒரு நரி பதுங்கி வருகிறது; பாயும் ஒவ்வொரு முறையும் அது குளத்தில் விழுந்தோ, வைக்கோலில் புதைந்தோ, மாவு மூட்டை கொட்டி வெளுத்தோ ஏமாந்து, கடைசியில் தேனீக்களால் துரத்தப்படுகிறது. நரி என்ற சொல் நூலில் ஓரிடத்திலும் வருவதில்லை. எனவே வாசித்துக் காட்டும் பெரியவர் சொல்லாத ஒன்றைக் குழந்தை தானே கண்டு அவருக்குச் சொல்லும் நிலை ஏற்படுகிறது. எழுத்தறியாத குழந்தையும் வாசகராக மாறும் இடம் இதுவே. பாய்ந்த நரிக்கு என்ன நேர்கிறது என்பது எதிர்ப்பக்கத்தில் இல்லாமல் தாளைப் புரட்டிய பின்னரே வெளிப்படுமாறு ஓவியர் அமைத்திருப்பதால், தாளைப் புரட்டும் செயலும் கதை சொல்லலின் ஒரு பகுதியாகிவிடுகிறது.

ஆகையால் கடையில் நூலை நடுவில் திறந்து, எழுத்தைக் கையால் மறைத்து, ஓவியம் மட்டும் என்ன சொல்கிறது என்று பார்ப்பது நல்ல சோதனை. ‘பூனை பால் குடித்தது’ என்ற வரிக்கு மேலே பால் குடிக்கும் பூனை மட்டுமே இருந்தால், குழந்தை தேடிக் கண்டுபிடிக்க அங்கு ஒன்றும் இல்லை. நீதியை வெளிப்படையாக உரைக்கும் கடைசிப் பக்கமும் இவ்வாறே குழந்தையின் வேலையைப் பறித்துக்கொள்கிறது.

தமிழ்ப் படப் புத்தகங்களில் கூடுதலாகக் கவனிக்க வேண்டியது மொழிநடை. வீட்டில் ‘போறான்’, ‘வந்துட்டா’ என்று கேட்டுப் பழகிய குழந்தை, நூலில் ‘போகிறான்’, ‘வந்துவிட்டாள்’ என்ற வடிவங்களை முதன்முறையாகச் சந்திக்கிறது. பேச்சு வழக்குக்கும் எழுத்து வழக்குக்கும் இடையிலான இத்தொலைவைப் பள்ளிப் பாடநூலுக்கு முன்பே அச்சமின்றிக் கடக்கச் செய்வது வீட்டில் நிகழும் வாசிப்பே. நூலில் உள்ளபடி ஒருமுறை வாசித்துவிட்டு, படத்தைப் பற்றிய பேச்சை வீட்டுத் தமிழிலேயே நடத்துவது பொருத்தமானது. இத்தகைய பேச்சு ‘உரையாடல் வாசிப்பு’ எனப்படும். அதாவது பெரியவர் வாசித்துக்கொண்டே செல்லாமல், ‘இங்க என்ன நடக்குது?’ என்று கேட்டு, குழந்தையின் விடையைச் சற்று விரித்துத் திருப்பிச் சொல்வது. அமெரிக்க உளவியலாளர் குரோவர் ஒயிட்ஹர்ஸ்டும் அவருடைய குழுவினரும் 1988இல் வெளியிட்ட ஆய்வில், இம்முறையில் ஒரு மாதம் வாசித்துக் காட்டப்பட்ட, இரண்டு வயதையொட்டிய குழந்தைகளின் பேச்சுத்திறன், வழக்கம்போல வாசித்துக் காட்டப்பட்டவர்களுடையதைவிட உயர்ந்திருந்தது.

தமிழில் தேர்ந்தெடுக்க நூல்கள் இல்லை என்ற குறை இன்று பொருந்தாது. சென்னையின் துளிகா பதிப்பகம் தமிழ் உள்ளிட்ட பல மொழிகளில் படப் புத்தகங்களை வெளியிடுகிறது. நேஷனல் புக் டிரஸ்டின் நேரு பால புஸ்தகாலய வரிசை குறைந்த விலையில் கிடைக்கிறது. பிரதம் புக்ஸ் தன் நூல்களை நான்கு வாசிப்பு நிலைகளாகப் பகுத்துள்ளது. முதல் நிலை, சொற்கள் திரும்பத் திரும்ப வரும் எளிய கதைகள். அந்நிறுவனம் 2015இல் தொடங்கிய ஸ்டோரிவீவர் தளத்தில் தமிழ்க் கதைகளைக் கட்டணமின்றிப் படிக்கலாம், தரவிறக்கி அச்சிடலாம். இருப்பினும் சிறு குழந்தைக்குத் திரையைவிட, கையில் பிடித்துப் புரட்டும் தாளே ஏற்றது.

இறுதித் தேர்வைக் குழந்தையிடம் விடுவதற்கும் வலுவான காரணம் உண்டு. நீண்ட விடுமுறையில் வாசிப்புத்திறன் பின்தங்குவதைத் தடுக்க, ரிச்சர்ட் ஆலிங்டனும் ஆன் மெகில்-ஃபிரான்ஸனும் அமெரிக்காவின் ஃபுளோரிடாவில் வறிய குடும்பங்களைச் சேர்ந்த தொடக்கப்பள்ளிக் குழந்தைகளுக்கு, அவர்களே விரும்பித் தேர்ந்த நூல்களை மூன்று கோடைகள் தொடர்ந்து, கோடைக்குப் பன்னிரண்டு வீதம் கொடுத்தனர். நூல் பெறாதவர்களைவிட அவர்கள் வாசிப்புத் தேர்வில் மேம்பட்டிருந்தனர் என்பது 2010இல் வெளிவந்த முடிவு. பெரியவர் நான்கைந்து நல்ல நூல்களை எடுத்து முன்வைக்க, அவற்றில் எது வேண்டும் என்பதைக் குழந்தை தீர்மானிக்கட்டும். பேருந்தோ பல்லியோ மட்டுமே நிறைந்த ஒரே நூலை அது மீண்டும் மீண்டும் கேட்குமானால், புதிய நூலுக்கு அவசரப்படுத்தாமல் அதையே வாசித்துக் காட்டுவது நன்று. அடுத்தது என்னவென்று முன்கூட்டியே அறிந்திருக்கும் குழந்தைதான், வாசிப்பவர் பக்கத்தைத் தாண்டினால் தடுத்து நிறுத்தி, விடுபட்ட வரியைத் தானே சொல்லத் தொடங்குகிறது.