நாம் காணாத விளக்கு: மிதிவண்டியின் பின்விளக்கைத் தேர்ந்தெடுப்பதும் பொருத்துவதும்

எங்கள் எலும்பு முறிவு மற்றும் விபத்துச் சிகிச்சைப் பிரிவுக்கு விடியற்காலையில் கொண்டுவரப்படுவோருள் மிதிவண்டி ஓட்டுபவர்களும் உண்டு. பால் கொண்டு செல்பவர், பூச்சந்தைக்குப் புறப்பட்டவர், நாளிதழ் போடும் இளைஞர், ஆலையில் முதல் ஷிப்டுக்குச் செல்பவர் என அவர்களுள் பலர் சூரியன் எழுவதற்கு முன்பே சாலைக்கு வந்தாக வேண்டியவர்கள். பின்னாலிருந்து வந்த வாகனம் மோதியது என்று அவர்கள் கூறும்போது, "வண்டியில் பின்விளக்கு இருந்ததா?" என்று கேட்பது எங்கள் வழக்கம். "இல்லை" என்ற விடைக்கே நாங்கள் பழகியிருந்தோம்.

சில ஆண்டுகளுக்கு முன் ஒருவர் வேறு விடை சொன்னார். ஐம்பது வயதைக் கடந்தவர். கேரியரில் தீவன மூட்டையை ஏற்றிக்கொண்டு சென்றபோது சரக்கு வேன் ஒன்று பின்னால் மோதியதில், வலது முழங்காலுக்குக் கீழே எலும்பு முறிந்து தோலைக் கிழித்திருந்தது. "விளக்கு வாங்கி மாட்டியிருந்தேனுங்க ஐயா. அன்னைக்கும் போட்டுக்கிட்டுத்தான் வந்தேன்" என்றார். அவருடைய மகன் கைப்பேசியில் எடுத்து வந்த படத்தைக் கண்டபோது காரணம் விளங்கியது. விளக்கு, இருக்கையின் கீழுள்ள சீட் கம்பியில் பொருத்தப்பட்டிருந்தது. அதற்கு நேர் பின்னால், கேரியரின் மீது, மூட்டை இருந்திருக்கிறது. வழி நெடுகிலும் எரிந்த அந்த விளக்கின் ஒளி சாக்கின் மீது மட்டுமே பட்டிருக்கிறது.

அன்று முதல் எங்கள் அறிவுரையை மாற்றிக்கொண்டோம். "விளக்கு வாங்குங்கள்" என்று மட்டும் கூறுவது போதாது. முன்விளக்கு அணைந்தால் ஓட்டுபவருக்கு உடனே தெரிந்துவிடும். பின்விளக்கு அணைந்தாலும், மறைந்தாலும், தரையை நோக்கிச் சாய்ந்தாலும் அவர் அறிய மாட்டார். எனவே அதனைத் தேர்ந்தெடுக்கும்போதும் பொருத்தும்போதும், "இது பழுதானால் எனக்கு எப்படித் தெரியும்?" என்ற கேள்வி முன்னிற்க வேண்டும்.

பின்னால் வருபவர் என்ன காண்கிறார்?

மணிக்கு 60 கிலோமீட்டர் வேகத்தில் வரும் வாகனம் ஒரு நொடிக்கு ஏறத்தாழ 17 மீட்டர் கடக்கிறது. ஓட்டுநர் ஒன்றைக் கண்டு, அது இன்னதென உணர்ந்து, பிரேக்கில் கால் வைப்பதற்கு ஒன்றரை நொடி ஆகிறது எனக் கொள்வோம். அதற்குள் 25 மீட்டர் கடந்துவிடும். பிரேக் பிடித்த பின், உலர்ந்த நல்ல சாலையிலும் நிற்பதற்கு மேலும் 20 மீட்டருக்கு மேல் தேவை. ஆக மொத்தம் 45 முதல் 50 மீட்டர். மழை பெய்த சாலையிலும், பாரம் ஏற்றிய வாகனத்திலும் இத்தூரம் இன்னும் நீளும்.

முகப்பு விளக்கின் தாழ்ந்த ஒளியில், கருநிற ஆடை அணிந்தவர் பல வேளைகளில் இந்தத் தூரத்திற்குள் வந்த பிறகே கண்ணில் படுகிறார். அப்போது ஓட்டுநர் எவ்வளவு விழிப்பாக இருந்தாலும் வண்டி நிற்காது. எதிரில் வரும் வாகனத்தின் கூசும் ஒளி கண்ணில் பட்டுவிட்டால், பார்வை சீராகச் சில நொடிகள் ஆகும். கண்புரை தொடங்கிய ஓட்டுநருக்கு இந்தக் கூச்சம் இன்னும் அதிகம்.

இப்போது 200 மீட்டர் தொலைவிலிருந்தே தெரியும் சிவப்பு விளக்கு ஒன்று மிதிவண்டியில் இருப்பதாகக் கொள்வோம். மிதிவண்டி மணிக்கு 15 கிலோமீட்டர் வேகத்தில் செல்கிறது. பின்னால் வரும் வாகனம் அதனை நெருங்க 16 நொடிகள் ஆகும். வேகத்தைக் குறைக்கவும் விலகிச் செல்லவும் அது போதுமான அவகாசம். பின்விளக்கு நமக்கு வழி காட்டுவதில்லை. பின்னால் வருபவருக்கு இந்த அவகாசத்தைத் தருகிறது.

பிரதிபலிப்பான் மட்டும் போதுமா?

பின் மட்கார்டில் இருக்கும் சிவப்புப் பிரதிபலிப்பானை விளக்குக்கு ஈடாகக் கருதுவோர் பலர். அதனுள் சிறு கனசதுர மூலைகள் போன்ற அமைப்புகள் வரிசையாக இருக்கின்றன. எத்திசையிலிருந்து ஒளி வந்தாலும், பெரும்பாலும் வந்த திசையிலேயே அதனைத் திருப்பி அனுப்புவது அவற்றின் பணி. பேட்டரி தேவையில்லை; அணைந்து போவதும் இல்லை. ஆயினும் பின்னால் வரும் வாகனத்தின் ஒளி அதன்மீது விழுந்தால்தான் அது ஒளிரும். அந்த வாகனத்தின் முகப்பு விளக்கு மங்கலாக இருந்தாலோ, வளைவில் ஒளி வேறு பக்கம் விழுந்தாலோ, பிரதிபலிப்பானால் பயனில்லை. சேறு படிந்தாலும், மட்கார்டு வளைந்து அது வானத்தைப் பார்த்தாலும் அப்படியே.

ஆகவே பிரதிபலிப்பான் விளக்குக்குத் துணையேயன்றி மாற்று ஆகாது. அதே வேளையில், விளக்கு திடீரென அணையும் நாளில் எஞ்சியிருக்கும் பாதுகாப்பும் அதுவே. இரண்டும் இருக்க வேண்டும். பெடலின் விளிம்புகளில் ஆரஞ்சு நிறப் பிரதிபலிப்பான்கள் இருப்பின் இன்னும் நன்று. அவை மேலும் கீழும் மாறி மாறி அசைவதைக் கண்டதும், முன்னால் செல்வது மிதிவண்டி என்பதை ஓட்டுநரின் மூளை எளிதில் அடையாளம் காண்கிறது.

விளக்கைத் தேர்ந்தெடுத்தல்

முதலில் மின்சாரம் எங்கிருந்து வருகிறது என்று பாருங்கள். பழைய டைனமோ டயரோடு உரசிச் சுழன்று மின்சாரம் தருவது. பேட்டரி தீர்ந்துபோகும் கவலை அதில் இல்லை. ஆனால் வண்டி மெதுவாகச் செல்லும்போது ஒளி மங்கும், நிற்கும்போது அணையும், மழையில் டயர் வழுக்கும். டைனமோ வைத்திருப்போர் பேட்டரியில் எரியும் சிறு பின்விளக்கு ஒன்றையும் சேர்த்துக்கொள்வது நல்லது.

சார்ஜ் செய்யும் எல்.இ.டி. விளக்குகள் இப்போது பரவலாகக் கிடைக்கின்றன. கைப்பேசியை இரவில் சார்ஜ் போடும் பழக்கமுள்ள வீட்டிற்கு இவை பொருந்தும். இவற்றுள் பல, சார்ஜ் தீரும் தறுவாயில் முன்னறிவிப்பு அதிகமின்றி அணைந்துவிடும். எனவே சார்ஜின் அளவைக் காட்டும் சிறு விளக்கு உள்ளதை வாங்குங்கள். கடைகளில் விற்கும் சாதாரண பேட்டரிகளைப் போடும் விளக்குகள் படிப்படியாக மங்கும். மாற்று பேட்டரி எங்கும் கிடைக்கும் என்பது இவற்றின் சிறப்பு.

நாணயம் போன்ற வட்டப் பட்டன் பேட்டரியில் எரியும் மலிவான விளக்குகளைக் கைக்குழந்தைகளும் சிறு பிள்ளைகளும் உள்ள வீட்டில் தவிர்க்குமாறு அழுத்தமாகக் கேட்டுக்கொள்கிறோம். 20 மில்லிமீட்டர் அகலமுள்ள லித்தியம் பட்டன் பேட்டரியைக் குழந்தை விழுங்கி, அது உணவுக்குழாயில் சிக்கிக்கொண்டால், இரண்டே மணி நேரத்தில் கடுமையான புண்ணை உண்டாக்கக்கூடும். விளக்கை எரிக்க முடியாத அளவுக்குத் தீர்ந்துபோன பேட்டரியும் இதே தீங்கைச் செய்யும். குழந்தை விழுங்கியிருக்கலாம் என்ற ஐயம் எழுந்தாலே, வாந்தி எடுக்க வைக்க முயலாமல், உடனே அவசர சிகிச்சைப் பிரிவுக்குக் கொண்டு செல்லுங்கள். அங்கு முதல் வேலை எக்ஸ்ரே எடுப்பதாகவே இருக்கும்.

அடுத்தது, மழை. பெட்டியின் மீது 'ஐ.பி.எக்ஸ்.' என்ற குறியீட்டுடன் ஓர் எண் இருக்கும். 4 என்றால் எல்லாப் பக்கமிருந்தும் தெறிக்கும் நீரைத் தாங்கும். 6 என்றால் வலுவாகப் பாய்ச்சும் நீரையும் தாங்கும். ஐப்பசி, கார்த்திகை மழையில் ஓட்ட வேண்டியவர்கள் 6 உள்ளதைத் தேடுவது நலம். சார்ஜ் செய்யும் துளைக்கு இறுக்கமான ரப்பர் மூடி இருக்கிறதா என்று பாருங்கள்; அந்தத் துளை கீழ்நோக்கி இருக்கும்படி பொருத்துங்கள்.

ஒளியின் அளவில் மயங்க வேண்டாம். இரவுக்குச் சில பத்து லூமென் ஒளியே போதும். மிகுந்த ஒளி பின்னால் வருபவரின் கண்ணைக் கூசச் செய்து, நாம் விரும்பியதற்கு மாறான விளைவைத் தரும். நேர் பின்னால் மட்டுமின்றிப் பக்கவாட்டிலும் ஒளி தெரிகிறதா என்பது இதைவிட முக்கியம். சாலைச் சந்திப்பில் குறுக்கே வருபவருக்கு அதுவே நம்மைக் காட்டும்.

மின்னும் ஒளி நல்லதா, நிலையான ஒளி நல்லதா என்று பலர் கேட்கின்றனர். மின்னுவது கவனத்தை விரைவில் ஈர்க்கும். நிலையாக எரிவது, முன்னால் செல்பவர் எவ்வளவு தொலைவில் இருக்கிறார் என்று கணிக்க உதவும். ஜெர்மனியில் மிதிவண்டியின் பின்விளக்கு மின்னுவதற்கு அனுமதியில்லை. பிரிட்டனில் அனுமதி உண்டு. தெருவிளக்கு இல்லாத கிராமச் சாலையில் நிலையான ஒளியையே நாங்கள் பரிந்துரைக்கிறோம். இரண்டு விளக்குகள் வைத்துக்கொள்ள முடிந்தவர்கள் ஒன்றை நிலையாகவும் மற்றொன்றை மின்னும்படியும் வைக்கலாம். ஒன்று அணைந்தாலும் மற்றொன்று இருக்கும் என்பதே இதன் முதன்மையான பயன்.

எங்கே, எப்படிப் பொருத்துவது?

கடையில் விற்கும் விளக்குகளுள் பல, சீட் கம்பியில் மாட்டும் ரப்பர் பட்டையுடன் வருகின்றன. கேரியர் இல்லாத வண்டிக்கு அந்த இடம் பொருந்தும். நம் ஊரில் மிதிவண்டி பெரும்பாலும் சுமை ஏற்றவே பயன்படுகிறது. பால் கேன், பூக்கூடை, புல்லுக்கட்டு, பள்ளிப்பை, பின்னால் அமர்ந்து வரும் பிள்ளை என எது இருந்தாலும் சீட் கம்பியிலுள்ள விளக்கு மறைந்துவிடும். ஆகவே கேரியரின் பின் விளிம்பிலோ, பின் மட்கார்டின் மேற்புறத்திலோ பொருத்துவதே தக்கது. கேரியரில் அதற்கு இடமில்லையெனில், சைக்கிள் கடையில் சிறு இரும்புப் பட்டையை வளைத்துத் துளையிட்டுத் தரச் சொல்லலாம். தரையிலிருந்து இரண்டு முதல் மூன்று அடி உயரம் போதுமானது. சுமை பின்னால் தொங்குவதாக இருந்தால், விளக்கு அதைத் தாண்டி வெளியே தெரிய வேண்டும்.

ரப்பர் பட்டை வெயிலில் காய்ந்து வெடித்து ஒருநாள் அறுந்துவிடும். அன்றாடம் ஓட்டுபவர்கள் நட்டு, போல்ட் கொண்டு இறுக்கும் விளக்கையே தேர்ந்தெடுங்கள். குண்டும் குழியுமான சாலையில் நட்டு தளராமலிருக்க ஸ்பிரிங் வாஷர் போடச் சொல்லுங்கள். கிளாம்ப் வழுக்கிச் சுழலாமலிருக்க, பழைய டியூபிலிருந்து வெட்டிய ஒரு துண்டை அடியில் வைத்து இறுக்குவது நல்ல பலன் தரும்.

பொருத்திய பின், விளக்கின் முகம் தரைக்கு இணையாக நேர் பின்னோக்கி இருக்கிறதா என்று பாருங்கள். சற்றே கீழே சாய்ந்தாலும் ஒளி சாலையில் விழுந்துவிடும். தோள்பையிலோ, சட்டையிலோ, தலைக்கவசத்திலோ மட்டும் விளக்கை மாட்டிக்கொள்வதை நம்ப வேண்டாம். உடல் அசையும்போதெல்லாம் அதன் திசை மாறும். புடவை முந்தானை, துப்பட்டா, மழைக்கோட்டின் பின்பகுதி ஆகியவை விளக்கை மூடாமலும் சக்கரத்தில் சிக்காமலும் செருகிக்கொள்ளுங்கள்.

வீட்டாரின் பங்கு

ஓட்டுபவர் காண முடியாத விளக்கை வீட்டிலுள்ள மற்றவர் காணலாம். புதிய விளக்கைப் பொருத்திய அன்று இரவே, வழக்கமான சுமையை ஏற்றி, வண்டியைச் சாலையோரம் ஸ்டாண்டு போட்டு நிறுத்துங்கள். பின்னர் ஒருவர் போக்குவரத்து இல்லாத பக்கமாக 200 தப்படி நடந்து சென்று திரும்பிப் பார்க்கட்டும். அங்கிருந்து விளக்கு தெளிவாகத் தெரிய வேண்டும். இரு பக்கங்களிலிருந்தும் ஒருமுறை பார்க்கட்டும். வெறும் வண்டியில் செய்த சோதனை போதாது என்பதை எங்கள் நோயாளியின் அனுபவம் கற்பித்தது.

அதன் பின் நாள்தோறும் புறப்படும் முன், கையை விளக்கின் பின்னால் நீட்டிப் பாருங்கள். உள்ளங்கையில் சிவப்பு ஒளி விழுந்தால் விளக்கு எரிகிறது. வாரம் ஒருமுறை விளக்கையும் பிரதிபலிப்பானையும் ஈரத்துணியால் துடையுங்கள், நட்டை இறுக்குங்கள், சார்ஜ் போடும் நாளை ஒரே கிழமையாக வைத்துக்கொள்ளுங்கள். மருத்துவமனையில் இருப்பவருக்கு விடியலில் உணவு எடுத்து வரும் உறவினருக்கும், மாலைத் தனிப்பயிற்சி முடிந்து இருட்டில் திரும்பும் பிள்ளைக்கும் இது பொருந்தும்.

எலும்பு முறிவுக்குச் சிகிச்சை பெற்று வீடு திரும்பியோர், காலில் முழு வலுவும் திரும்பி, மருத்துவர் இசைவு தந்த பிறகே மிதிவண்டியில் ஏற வேண்டும். தூக்கம் தரும் வலி மாத்திரைகளை உட்கொள்ளும் நாட்களில் எந்த விளக்கும் ஈடுசெய்யாது. அந்நாட்களில் வண்டி ஓட்ட வேண்டாம்.

தொடக்கத்தில் குறிப்பிட்ட அந்த நோயாளி, மூன்று அறுவை சிகிச்சைகளுக்கும் எட்டு மாத ஓய்வுக்கும் பிறகு மறுபரிசோதனைக்கு வந்தார். கால் கூடியிருந்தது, நடையில் சிறு தாங்கல் மட்டும் எஞ்சியிருந்தது. மீண்டும் தீவன வியாபாரத்தைத் தொடங்கியிருந்தார். பரிசோதனை முடிந்ததும் வண்டி நிறுத்துமிடம் வரை எங்களை அழைத்துச் சென்று, கேரியரின் கடைசியில் இரும்புப் பட்டை வைத்து இறுக்கியிருந்த விளக்கைக் காட்டினார். "மூட்டையை ஏத்தி வச்சு, பையனை ரோட்டுக்கோடி வரைக்கும் போய்ப் பாக்கச் சொன்னேனுங்க. தெரியுதுன்னான்" என்றார்.