முதல் வாரத்தில் விரையும் எடைக்குறைவு பின்னர் தயங்குவது ஏன்?

கலோரிக் கணக்குப் பார்த்து ஆகாரத்தைக் குறைக்கத் தொடங்கியவர்கள், முதல் வாரத்தில் தராசின் முள் விரைந்து இறங்குவதைக் கண்டு மகிழ்வதும், சில வாரங்களில் அது தயங்கி நிற்பதைக் கண்டு மனம் தளர்வதும் இயல்பு. இவ்விரண்டுக்கும் காரணம் என்ன?

கல்லீரலிலும் தசைகளிலும் கிளைக்கோஜன் என்னும் மாவுச்சத்துச் சேமிப்பு உண்டு. அதன் ஒவ்வொரு கிராமும் ஏறத்தாழ 3 கிராம் ஜலத்தைத் தன்னுடன் பிணைத்து வைத்திருப்பதால், ஆகாரம் குறைந்து அச்சேமிப்புச் செலவாகும்போது அந்த ஜலமும் வெளியேறி, எடை சடுதியில் குறைகிறது. அதன் பின்னர் கரைய வேண்டியது கொழுப்பு. அது கிலோவுக்கு ஏறக்குறைய 7,700 கலோரி சக்தியை அடக்கியிருப்பதால், நாளொன்றுக்கு 500 கலோரி குறைத்து உண்பவருக்கு ஒரு கிலோ கரைய இரண்டு வாரங்களுக்கு மேலாகிறது.

அன்றியும், வரவு குறைந்தால் செலவைச் சுருக்கிக்கொள்வது தேகத்தின் சுபாவம். 1944-45ஆம் ஆண்டுகளில் அமெரிக்காவின் மின்னசோட்டாப் பல்கலைக்கழகத்தில் ஆன்செல் கீஸ் என்னும் விஞ்ஞானி, தாமாக முன்வந்த 36 இளைஞர்களை 24 வாரங்கள் அரைப்பட்டினியில் வைத்து ஆராய்ந்தபோது, அவர்கள் எடையில் ஏறத்தாழ நாலில் ஒரு பங்கை இழந்ததோடு, நாடித்துடிப்புக் குறைந்து, குளிரைப் பொறுக்க இயலாமல், சினமும் சோர்வும் மிக்கவராய், ஓயாது உணவையே சிந்திப்பவராயினர்.

மிதமான கட்டுப்பாட்டில் இவை அத்துணைக் கடுமையாக நேர்வதில்லை. ஆயினும் பசியும் சோர்வும் சிறிதளவு தலைகாட்டுவது சரீர தர்மமேயன்றி, மனவுறுதியின் குறையன்று. நீரிழிவுக்கு மருந்து உட்கொள்வோர் முன்னதாகவே வைத்தியரைக் கலந்துகொள்ளல் அவசியம். மற்றையோர், புரதமும் நார்ச்சத்தும் மிக்க உணவை உண்டு, உடற்பயிற்சியால் தசையைக் காத்து, தினந்தோறும் தராசை நாடாது பொறுமையுடன் தொடர்வதே நலம்.