ஓடும் படம் இடையில் நிற்பதேன்?

வீட்டிலிருந்தபடியே ஆசிரியரின் விரிவுரையைக் கணினியிற் காண அமர்ந்த மாணவன், முக்கியமானதோர் இடத்தில் படம் அசைவற்று நின்றுவிடக் கண்டு மனம் வெதும்புதல் இந்நாளில் அரிதன்று. உடனே அவன் கணினி பழுதாயிற்றென்று முடிவு செய்து, புதியதொன்று வேண்டுமெனத் தந்தையை வற்புறுத்துகின்றான். தந்தையோ கல்லூரிக் கட்டணத்திற்கே கடன்பட்டவராயிருத்தல் கூடும். குற்றம் எங்குளதென்று ஆராயாது கருவியைத் தள்ளிவிடுதல் கற்றார்க்கு அழகன்று. ஆதலின் அதனை ஆராயும் முறையை ஈண்டுச் சுருங்கக் கூறுவாம்.

வீடியோ என்பது விநாடிக்கு 24, 25 அல்லது 30 அசையாப் படங்களை ஒன்றன்பின் ஒன்றாகக் காட்டுவதேயாம். அகலத்தில் 1920, உயரத்தில் 1080 புள்ளிகள் கொண்ட ஒரு படத்தில் மொத்தம் 20,73,600 புள்ளிகள் உள. புள்ளி ஒன்றுக்கு 3 பைட் எனக் கொண்டால், 25 படங்களுக்கு 15 கோடி பைட்டுக்கு மேலாகின்றது. விநாடிதோறும் இத்துணைப் பெருஞ்சுமையை வீட்டு இணையம் தாங்காதாகலின், ஒரு படத்திற்கும் அடுத்ததற்கும் உள்ள வேறுபாடுகளையே பெரும்பாலும் குறித்துச் சுருக்கி அனுப்புகின்றனர். 2003-இல் வந்த எச்.264, 2013-இல் வந்த எச்.இ.வி.சி., 2018-இல் வந்த ஏ.வி.1 ஆகியன இத்தகைய சுருக்கமுறைகள். எனவே கணினி செய்யும் வேலை இரண்டு: சுருக்கிய செய்தியைப் பெறுதல், அதனை விரித்துத் திரையிற் காட்டுதல். இவற்றுள் எதில் தடை நேரினும் படம் நிற்கும். தடை எதில் என்பதை அறிகுறிகளே உணர்த்தும்.

முதலாவது, ஒலியும் படமும் ஒருங்கே நின்று, நடுவில் ஒரு வட்டம் சுழலுமாயின், இணையத்தின் வரத்துக் குறைவே பெரும்பாலும் காரணம். அதே வீடியோவைப் பதிவிறக்கிக் கணினியில் ஓட்டிப் பார்க்க. தடையின்றி ஓடினால் கணினி குற்றமற்றது. வைபை கருவியின் அருகே அமர்தல், கேபிள் வழியே இணைத்தல், படத்தின் தரத்தை 1080-இலிருந்து 480-க்குக் குறைத்தல் ஆகியன தக்க பரிகாரங்கள்.

இரண்டாவது, ஒலி இடையறாது கேட்கப் படம் மட்டும் நின்று நின்று துள்ளுமாயின், விரிக்கும் வேலையில் இடர் உளதென்க. விண்டோஸ் கணினியில் கண்ட்ரோல், ஷிப்ட், எஸ்கேப் என்னும் மூன்று விசைகளையும் ஒருங்கே அழுத்தினால் டாஸ்க் மானேஜர் தோன்றும். அதில் சி.பி.யு. நூற்றுக்கு நூறை நெருங்கி நின்றால், கணினி தன் ஆற்றலுக்கு மிஞ்சி உழைக்கின்றதென அறியலாம். பழைய கணினியின் கிராபிக்ஸ் சில்லு புதிய சுருக்கமுறைகளை அறியாது. அச்சுமை முழுதும் சி.பி.யு.வின் தலையில் விழுகின்றது. வேண்டாத செயலிகளை மூடுக, தரத்தைக் குறைக்க, கிராபிக்ஸ் டிரைவரைப் புதுப்பிக்க. பிரௌசர் அமைப்பிலுள்ள ஹார்ட்வேர் ஆக்ஸிலரேஷன் அணைந்திருந்தால் ஏற்றியும், ஏற்றியிருந்தால் அணைத்தும் பார்க்க.

மூன்றாவது, பதிவிறக்கிய படம் எப்பொழுதும் ஒரே இடத்தில் நிற்குமாயின், அக்கோப்பே சிதைந்திருக்கலாம், மீண்டும் பெறுக. பென் டிரைவிலிருந்து ஓட்டுங்கால் தடைப்படின், கணினிக்குள் நகலெடுத்து ஓட்டுக.

நான்காவது, சிறிது நேரம் நன்றாக ஓடிப் பின்னர்த் தளருமாயின், வெப்பத்தை ஐயுறுக. சி.பி.யு. சூடு மிகுந்தால் தன் வேகத்தைத் தானே குறைத்துக்கொள்ளும். மடிக்கணினியை மெத்தைமேல் வைத்தலால் காற்றுவழி அடைபடும். விசிறியில் தூசி படிதலும் அதே தீங்கை விளைக்கும். சுட்டும் அம்புக்குறியும் அசையாது கணினி முழுதுமே உறைந்துபோமாயின், குற்றம் வீடியோவைக் கடந்தது. பாடக்குறிப்புகளை வேறிடத்தில் நகலெடுத்து வைத்த பின்னரே பழுது பார்ப்பவரிடம் கொடுக்க.

எதனைச் செய்யினும் ஒருமுறைக்கு ஒரு மாற்றமே செய்து, அதன் பயனைக் கண்டபின் அடுத்ததைத் தொடங்குக. பலவற்றை ஒருசேர மாற்றினால், தீர்த்தது எதுவென்று அறிதல் இயலாது. குற்றம் மீண்டும் தோன்றுங்கால் முன்போலவே இருளில் தடுமாற நேரும். நோயின் முதலை நாடாது மருந்துகளை அள்ளிக் கொடுப்பவன் மருத்துவனாகான். பொறுமையுடன் ஒரு மாலைப்பொழுது ஆராய்ந்தவன், பழைய கணினியிலேயே பாடத்தை முடிப்பதோடு, தந்தையின் சுமையையும் ஒருவாறு குறைத்தவனாவான்.