டெஃப்லான் பொடி: உடைச்சாதான் உதவும், உடைச்சா என்ன வரும்?

நான்-ஸ்டிக் தவாவில் இருக்கிற அதே டெஃப்லான், வெள்ளைப் பொடியாவும் விக்குது. நம்மில் பலர் அதைப் பார்த்தே இருக்க மாட்டோம். ஆனா பிரின்டருக்குள்ள சுத்துற பிளாஸ்டிக் பல்சக்கரம், அட்டைப்பெட்டி மேல இருக்கிற இங்க், பேரிங்ல வைக்கிற கிரீஸ், இதுலயெல்லாம் அது கலந்திருக்கலாம்.

டெஃப்லானோட வேதிப்பெயர் பிடிஎஃப்இ. நீளமான கார்பன் சங்கிலி, அதுக்கு மேல ஃப்ளூரின் சட்டை. அதனால எதுவும் லேசில் ஒட்டாது. நைலான்ல நூற்றுக்கு 5 முதல் 20 பங்கு இந்தப் பொடியைக் கலந்தா, எண்ணெய் விடாமலே பல்சக்கரம் வழுக்கிக்கிட்டு ஓடும். இங்க்ல கொஞ்சம் சேர்த்தா, லாரியில பெட்டியோட பெட்டி உரசினாலும் அச்சு சீக்கிரம் அழியாது.

சரி, பொடிதானே, அரைச்சா வந்துடாதா? வராது. சாதாரண பிடிஎஃப்இயை அரைச்சா நார் நாரா இழுபட்டு, கட்டியா ஒட்டிக்கும். காரணம் அந்தச் சங்கிலியோட நீளம். முதல்ல அதை வெட்டணும். அதுக்குக் காமா கதிரையோ எலக்ட்ரான் கற்றையையோ பாய்ச்சுவாங்க. அமிலத்தையும் சூட்டையும் அசால்ட்டா தாங்குற பொருள், கதிர்வீச்சுக்கு மட்டும் ரொம்ப வீக். சங்கிலி அறுந்து, நொறுங்குற பதத்துக்கு வந்துடும். அப்புறம் அரைச்சா சில மைக்ரான் அளவுக்குப் பொடியாகும். தொழிற்சாலையில மிஞ்சின வெட்டுத்துண்டுகளைக்கூட இப்படிப் பொடியாக்கலாம். எனக்கு ரொம்பப் பிடிச்ச பகுதி இது.

பிடிக்காத பகுதி அடுத்து வருது. காத்துல வச்சு இதைச் செய்யும்போது, அறுந்த முனைகள்ல ஆக்ஸிஜன் சேர்ந்து அமிலமாகுது. அப்படி 8 கார்பன் நீளத்துக்கு உருவாகிற துண்டுதான் பிஎஃப்ஓஏ. 2019ல ஸ்டாக்ஹோம் உடன்படிக்கையோட பட்டியல்ல சேர்ந்தது. 2023ல உலக சுகாதார அமைப்போட புற்றுநோய் ஆய்வு முகமை, மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும்னு வகைப்படுத்தினது. ஒரு பக்கை சரிபண்ணப் போய் இன்னொரு பக்கை கிளப்பிவிடுறது நம்ம வேலையில மட்டும் நடக்குறதில்ல போல.

இங்க ஒரு லேபிள் விளையாட்டும் இருக்கு. முன்னாடி பிடிஎஃப்இ தயாரிக்கவே பிஎஃப்ஓஏவைச் சேர்த்தாங்க. அமெரிக்காவில 8 பெரிய கம்பெனிகள் அதை 2015க்குள்ள கைவிட ஒத்துக்கிட்டாங்க. "தயாரிப்பில் பயன்படுத்தவில்லை"ங்கிறது அதனால உண்மையாவே இருக்கலாம். ஆனா சேர்க்காத பொருள் பொடியாக்கும்போது புதுசா உருவாகியிருக்கலாமே! ஐரோப்பிய ஒன்றியத்தின் 2020 விதியில பொது வரம்பு கிலோவுக்கு 0.025 மில்லிகிராம். இந்தக் கதிர்வீச்சுப் பொடிக்கு விலக்கா 1 மில்லிகிராம் வரை விட்டாங்க. அதாவது 40 மடங்கு.

வழி இல்லாம இல்லை. ஆக்ஸிஜன் இல்லாத சூழல்ல கதிர் பாய்ச்சலாம், இல்லைனா பொடியைச் சூடாக்கி பிஎஃப்ஓஏவை வெளியேத்தலாம். ரெண்டுக்கும் செலவு கூடும். அதனால இந்தப் பொடியை வாங்குற வேலையில நீங்க இருந்தா, லேபிளை விட்டுட்டு, கைக்கு வர்ற பொடியிலயே பிஎஃப்ஓஏ எவ்வளவுன்னு அளந்த ரிப்போர்ட்டைக் கேளுங்க.