ஆப்பிளை ஜெயித்த கொய்யா: யாருக்கு, எவ்வளவு?

நூறு கிராம் கொய்யாவில் வைட்டமின் சி 228 மில்லிகிராம். அதே எடை ஆப்பிளில் 5 மில்லிகிராம்கூட இல்லை. நார்ச்சத்து கொய்யாவில் 5.4 கிராம், ஆப்பிளில் 2.4. புரதம் கொய்யாவில் இரண்டரை கிராம், ஆப்பிளில் கால் கிராம். ஃபோலேட் 49 மைக்ரோகிராம், ஆப்பிளில் வெறும் 3. இவை அமெரிக்க வேளாண் துறை அட்டவணையின் எண்கள். ஹைதராபாதிலுள்ள தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2017-இல் வெளியிட்ட இந்திய உணவு அட்டவணையும் நம்மூர்க் கொய்யாவுக்கு வைட்டமின் சி 200 மில்லிகிராமுக்கு மேல் என்றுதான் சொல்கிறது. ஒரு பெண்ணுக்கு நாளொன்றுக்கு 65 மில்லிகிராம், ஆணுக்கு 80 மில்லிகிராம் போதும் என்பது அந்த நிறுவனத்தின் பரிந்துரை. அரைப் பழத்திலேயே கணக்கு முடிந்துவிடும்.

விலையையும் சேர்த்துப் பார்த்தால் போட்டியே இல்லை. ஸ்ரீவில்லிபுத்தூர், வத்திராயிருப்பு மலையடிவாரத்தில் காலையில் பறித்த காய் மதியத்துக்குள் விருதுநகர் தள்ளுவண்டிக்கு வந்துவிடுகிறது. ஆப்பிள் இமாசலத்திலிருந்தும் காஷ்மீரிலிருந்தும் வர வேண்டும். அறுவடைக் காலம் போக மற்ற மாதங்களில் குளிர்கிடங்கிலிருந்து வர வேண்டும். அப்படியிருந்தும் ஆஸ்பத்திரிக்கு நோயாளியைப் பார்க்கப் போகிறவர் கையில் ஆப்பிள் பைதான் தொங்குகிறது. கொய்யாவோடு போனால் கஞ்சன் என்று பெயர் வந்துவிடும்.

இந்த அட்டவணையில் தவறில்லை. அது வாட்ஸ்ஆப்பில் ஏறி ஊர் சுற்றும்போது கூடவே ஒட்டிக்கொள்ளும் வாக்கியங்கள்தாம் ஆபத்து. கொய்யா ரத்தம் ஊறவைக்கும், சர்க்கரையை இறக்கும், உடம்பில் சேர்ந்த நஞ்சை எடுக்கும் என்கின்றன அவை. பட்டாசு, தீப்பெட்டி ஆலைகள் உள்ள சிவகாசி, சாத்தூர், வெம்பக்கோட்டை வட்டாரத்தில் இந்த மூன்றையும் நம்புவதற்கு ஆள் நிறைய உண்டு. நம்பினால் பாதிக்கப்படும் ஆளும் அவர்கள்தான்.

ரத்தத்தை எடுத்துக்கொள்வோம். 2019-21 தேசிய குடும்பநல ஆய்வின்படி தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுவரை உள்ள பெண்களில் 53.4 சதவீதம் பேருக்கு ரத்தசோகை. பட்டாசுத் தொழிற்சாலைகளிலும் தீப்பெட்டி ஆலைகளிலும் உட்கார்ந்து வேலை பார்ப்பவர்களில் பெரும்பகுதி இந்த வயதுப் பெண்கள். இவர்களுக்கு நாளொன்றுக்கு 29 மில்லிகிராம் இரும்புச்சத்து வேண்டும். நூறு கிராம் கொய்யாவில் இருப்பது கால் மில்லிகிராம். கொய்யாவை மட்டும் நம்பி அந்த இரும்பை எடுப்பதென்றால் தினமும் பதினோரு கிலோவுக்கு மேல் தின்ன வேண்டும்.

கொய்யா செய்யும் உதவி வேறு. கம்பு, பயறு, கீரை ஆகியவற்றிலுள்ள இரும்பு குடலில் எளிதில் ஏறாது. வைட்டமின் சி கூட இருந்தால் ஏறும். ஒரு வேளைச் சாப்பாட்டை வைத்துச் செய்த ஆய்வுகளில் உறிஞ்சும் அளவு இரண்டு மூன்று மடங்குவரை கூடியிருக்கிறது. ஆனால் மாதக்கணக்கில் பின்தொடர்ந்த ஆய்வுகளில் பலன் அந்த அளவுக்குத் தெரியவில்லை. தூக்குவாளிச் சோற்றில் கீரையோ பாசிப்பயறோ இருந்தால், சாப்பிட்ட கையோடு கொய்யாவைத் தின்பதில்தான் லாபம். மூன்று மணி நேரம் கழித்துத் தனியாகத் தின்றால் கீரையின் இரும்புக்கு அது உதவாது. சாப்பாட்டின் மேலேயே டீ குடித்தால் இன்னும் மோசம்: டீயிலுள்ள துவர்ப்புப் பொருள் இரும்பைப் பிடித்து வைத்துக்கொள்ளும். டீயை ஒரு மணி நேரமாவது தள்ளிப் போட வேண்டும். ஹீமோகுளோபின் 8-க்குக் கீழே போனவருக்கு இந்த ஏற்பாடெல்லாம் போதாது. அது கடுமையான ரத்தசோகை. மாத்திரையோ ஊசியோ டாக்டர் முடிவு செய்வார். பழத்தை நம்பி நாள் கடத்தினால் நாள்தான் போகும்.

அடுத்தது சர்க்கரை. மாவுச்சத்துக் கணக்கில் இரண்டு பழமும் ஏறக்குறைய ஒன்றுதான், நூறு கிராமுக்கு 14 கிராம். கொய்யாவில் நார்ச்சத்து அதிகம் என்பதால் சர்க்கரை மெதுவாக ஏறும், இறங்காது. ஜூஸ் ஆக்கி வடிகட்டினால் அந்த நாரும் போயிற்று. உப்பும் மிளகாய்ப்பொடியும் தூவிக் கொடுக்கிறார்களே, ரத்தக்கொதிப்பு உள்ளவர்கள் அந்த உப்பையும் கணக்கில் வைக்க வேண்டும். ருசிக்குக் குறை சொல்ல மாட்டேன்.

பல வருடம் சர்க்கரை நோயோடு இருந்தவர்களில் கணிசமானவர்களுக்குச் சிறுநீரகம் பழுதாகத் தொடங்குகிறது. ஆரம்பத்தில் வலி கிடையாது, வீக்கம் கிடையாது; கிரியேட்டினின் போன்ற சோதனை செய்தால்தான் தெரியும். ‘சர்க்கரைக்காரருக்கு ஏற்ற பழம்’ என்று தினமும் மூன்று நான்கு கொய்யா சாப்பிடுகிறவர் கவனிக்க வேண்டிய எண் பொட்டாசியம். அமெரிக்க அட்டவணையில் நூறு கிராம் கொய்யாவுக்கு அது 417 மில்லிகிராம். வாழைப்பழத்துக்கே 358தான். ஆப்பிளுக்கு 107. ரகத்தையும் மண்ணையும் பொறுத்துக் கொய்யாவின் பொட்டாசியம் நிறைய மாறுகிறது. அதனால்தான் சிறுநீரக நோயாளிகளுக்கான உணவுப் பட்டியல்களில் சிலவற்றில் கொய்யாவுக்கு அனுமதி உண்டு, சிலவற்றில் கிடையாது. ஆப்பிள் பெரும்பாலும் எல்லாப் பட்டியலிலும் அனுமதிக்கப்பட்ட பழம். ஆஸ்பத்திரிக்கு ஆப்பிள் வாங்கிப் போகிற வழக்கம் சிறுநீரக வார்டில் மட்டும் சரியாகிவிடுகிறது!

ரத்தத்தில் பொட்டாசியம் லிட்டருக்கு 3.5 முதல் 5 மில்லிமோல்வரை இருக்க வேண்டும். 6-ஐத் தாண்டினால் இதயத் துடிப்பின் ஒழுங்கு கெடலாம், முன்னறிவிப்பே இல்லாமல். டெல்மிசார்டன், எனலாப்ரில், ஸ்பைரோனோலாக்டோன் போன்ற மாத்திரைகளும் பொட்டாசியத்தை உடம்பிலேயே தங்கவைப்பவை. சிறுநீரகம் பலவீனமானவர் இவற்றில் ஒன்றை விழுங்கிக்கொண்டு கொய்யாவையும் அளவில்லாமல் தின்பது இரண்டு பக்கமும் சேர்ந்து தள்ளுவது மாதிரி. ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில் 2021 முதல் மாத்திரை வீட்டுக்கே வருகிறது, நல்ல விஷயம். ஆனால் மாத்திரை வருகிறதே என்று ரத்தச் சோதனையைத் தள்ளிப்போடக் கூடாது. கிரியேட்டினினும் பொட்டாசியமும் தெரிந்த பிறகு எத்தனை கொய்யா என்று டாக்டரிடம் கேட்கலாம்.

மூன்றாவது, நஞ்சை எடுக்கும் என்ற பேச்சு. பட்டாசு ஆலையில் வெடிமருந்து கலக்கும் அறையில் வேலை செய்கிறவர்களின் கையைப் பார்த்தால் அலுமினியப் பொடி ரேகைக்குள்ளும் நகக்கண்ணிலும் வெள்ளியாகப் படிந்திருக்கும். தண்ணீரை மட்டும் ஊற்றினால் போகாது. அந்தக் கையால் கொய்யாவை எடுத்தால் பச்சைத் தோலில் விரல் தடம் சாம்பல் நிறத்தில் பதிகிறது. கொய்யா தோலோடு கடிக்கிற பழம். எடுக்க வேண்டிய நஞ்சை அது உள்ளே கொண்டுபோகிறது.

அலுமினியத்தைவிடக் கொடியது பேரியம் நைட்ரேட். பச்சை ஒளிக்காகச் சேர்ப்பது. உச்ச நீதிமன்றம் 2018 அக்டோபரில் பட்டாசில் பேரியம் உப்புகளைத் தடை செய்தது. தடையை மீறி அது பயன்படுவதாக சிபிஐயின் முதற்கட்ட விசாரணை அறிக்கை சொன்ன பிறகு, 2021 அக்டோபரில் மறுபடி கண்டித்தது. தண்ணீரில் கரையும் உப்பு என்பதால் வயிற்றுக்குள் போனால் ரத்தத்தில் சீக்கிரம் கலந்துவிடும். வாந்தி, வயிற்றுப்போக்கு, வாயைச் சுற்றி மரத்துப்போவது, பிறகு கைகால் தளர்ச்சி. ரத்தத்திலுள்ள பொட்டாசியம் செல்களுக்குள் அடைபட்டுப் போவதால் வருகிற தளர்ச்சி அது. மூச்சுத் தசைவரைக்கும் போகும். பொட்டாசியம்தானே குறைகிறது, வாழைப்பழமும் கொய்யாவும் கொடுத்தால் சரியாகிவிடும் என்று வீட்டில் வைத்துக்கொண்டிருக்கக் கூடாது. இதயத் துடிப்பைக் கண்காணித்துக்கொண்டு நரம்பு வழியாகப் பொட்டாசியம் ஏற்ற வேண்டிய நிலை அது. சாப்பிடும் முன் சோப்புப் போட்டு முழங்கைவரை கழுவுவது இந்த ஆபத்தைக் குறைக்கும். வேலைக்குப் போட்ட உடையோடு சாப்பிட உட்காராமல் இருப்பது இன்னும் கொஞ்சம்.

வேலை முடிந்து வந்தவருக்கு வாந்தியும் தளர்ச்சியும் சேர்ந்து வந்தால், சிவகாசி இஎஸ்ஐ ஆஸ்பத்திரிக்கோ விருதுநகர் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கோ உடனே கொண்டுபோக வேண்டும். அன்றைக்கு என்ன வெடிமருந்து கையாண்டார் என்பதை முதல் வார்த்தையாகச் சொல்ல வேண்டும். தடை செய்த சரக்கு என்பதால் போர்மேன் வாயைத் திறக்காமல் இருக்கலாம். சொல்லாவிட்டால் டாக்டர் அதைச் சாதாரண வயிற்றுப்போக்கு என்று நினைக்க வாய்ப்பு உண்டு.