சகோதர நகரங்களின் சோதனை

2013 ஏப்ரலில் அமெரிக்காவின் கலிஃபோர்னியா மாநில வடகோடியில் உள்ள கிரெசென்ட் சிட்டி என்ற சிறு நகரின் கரையில் ஆளில்லாப் படகு ஒன்று ஒதுங்கியது. அதில் ஜப்பானிய எழுத்துகள் இருந்தன. 2011 மார்ச் 11-இல் ஜப்பானைத் தாக்கிய ஆழிப்பேரலை, ரிக்குசென்தகாதா நகரின் பள்ளி ஒன்றிலிருந்து அடித்துச் சென்ற படகு அது.

கிரெசென்ட் சிட்டியின் பள்ளி மாணவர்கள் அதைச் சுத்தம் செய்து, உரியவர்களிடம் சேர்க்க முன்வந்தனர். அதே ஆண்டில் படகு தாயகம் திரும்பியது. அலையின் கொடுமை அந்த அமெரிக்க நகருக்கும் புதிதல்ல; 1964-இல் அலாஸ்கா நிலநடுக்கம் எழுப்பிய ஆழிப்பேரலை அங்கும் உயிர்களைப் பறித்திருந்தது. இரு ஊர் மாணவர்களும் ஒருவரையொருவர் சந்தித்தனர். 2018-இல் இரு ஊர்களும் சகோதர நகரங்களாயின.

இத்தகைய உறவுகளுக்கு வயது அதிகம். ஜப்பானுக்கும் அமெரிக்காவுக்கும் இடையிலான முதல் சகோதர நகர உறவு, அணுகுண்டுக்கு இரையான நாகசாகிக்கும் மின்னசோட்டா மாநிலத்தின் செயின்ட் பால் நகருக்கும் இடையே 1955 டிசம்பர் 7-இல் ஏற்பட்டது. 1941-இல் பேர்ல் துறைமுகம் தாக்கப்பட்டதும் டிசம்பர் 7-ஆம் நாளில்தான். மறுஆண்டு அதிபர் ஐசனோவர், அரசுகளுக்கு அப்பால் மக்களோடு மக்கள் பழக வேண்டும் என்று வலியுறுத்த, இம்முயற்சி பரவலாயிற்று.

இவை நாடுகளுக்கு இடையிலான உடன்படிக்கைகள் அல்ல. இரு நகர நிர்வாகங்கள் கையொப்பமிடுகின்றன. மாணவர் பரிமாற்றம், கலை விழா, வணிகத் தொடர்பு ஆகியவற்றைப் பெரும்பாலும் தன்னார்வலர்களே நடத்துகின்றனர். விருந்தும் நினைவுப்பரிசும் உள்ளவரை இந்த உறவில் சிக்கல் எழுவதில்லை. கசப்பான வரலாறு குறுக்கிடும்போதுதான் அதன் உறுதி தெரியவருகிறது.

பேர்ல் துறைமுகத் தாக்குதலைத் திட்டமிட்ட தளபதி யமமோத்தோ பிறந்த ஊர் நாகவோகா. 1945 ஆகஸ்ட் 1 இரவில் அமெரிக்க விமானங்கள் பொழிந்த குண்டுகளில் அந்நகரில் 1,400-க்கும் மேற்பட்டோர் மாண்டனர். பேர்ல் துறைமுகம் அமைந்த ஹோனலூலுவும் நாகவோகாவும் 2012-இல் சகோதர நகரங்களாயின. போர் முடிந்த 70-ஆம் ஆண்டான 2015-இல், தன் மாண்டோரின் நினைவாக ஆண்டுதோறும் நடத்தும் வாணவேடிக்கையை நாகவோகா பேர்ல் துறைமுகத்தின் வானில் நிகழ்த்தியது. குண்டு விழுந்த இரு ஊர்களும் ஒரே ஒளியின் கீழ் தத்தம் மாண்டோரை நினைத்தன.

இதற்கு மாறானது ஒசாகாவின் கதை. போர்க்காலத்தில் ஜப்பானிய ராணுவத்தின் பாலியல் அடிமைகளாக்கப்பட்ட பெண்களின் நினைவுச்சிலையை சான் பிரான்சிஸ்கோ 2017-இல் பொதுச்சொத்தாக ஏற்றது. அதை எதிர்த்து ஒசாகா மேயர் 2018-இல், 1957 முதல் நீடித்த உறவை முறித்தார். தம் ஊர் இழந்தோரை நினைப்பது எளிது. தம்மவரால் துன்புற்றோரை நினைப்பதே கடினம்.

ஆயினும், ஒரு மேயரின் முடிவால் இரு நகர மக்களின் உறவு அற்றுப்போகாது என்றே சான் பிரான்சிஸ்கோ பதிலளித்தது. அரசியல்வாதிகள் கையொப்பமிட்டதை அரசியல்வாதிகளே அழிக்கலாம். அயல்நாட்டு வீட்டில் விருந்தினராகத் தங்கி, அவர்கள் உணவை உண்டு, அவர்கள் துயரைக் கேட்டறிந்த மாணவரின் மனத்திலிருந்து அந்த உறவை அழிக்க எந்த ஆணையாலும் இயலாது. சகோதர நகரங்களின் வெற்றியை அத்தகைய மாணவர்களைக் கொண்டே அளக்க வேண்டும்.