பெயரைத் திருப்பித் தந்த நட்பு



உயர்தர வகுப்பில் ஒருநாள் பாடம் முடிந்தும் மணியடிக்கச் சிறிது நேரம் எஞ்சியிருந்தது. மாணவர்கள் கேட்டுக்கொண்டதற்கிணங்க அமெரிக்க நாவல் ஒன்றின் கதையைச் சொல்லத் தொடங்கினேன். இருண்ட சுரங்கத்திலிருந்து இளம்பெண் ஒருத்தி தப்பி வருகின்றாள். அவளுடன் தப்பி வந்தவன் கடற்கரையிலே அமர்ந்திருக்கின்றான். அவளோ சிறு கத்தியொன்றைக் கையிலேந்தி, அவனைக் கொன்றுவிடும் எண்ணத்துடன் நெருங்குகின்றாள். இந்த இடத்தில் மாணவி ஒருத்தி எழுந்து, "சேர், தன்னைக் காப்பாற்றினவனையே ஏன் அவள் குத்தப் போறாள்?" என்று கேட்டாள். மணியும் அடித்துவிட்டது. அவசரத்தில் நான் சொன்ன மறுமொழி எனக்கே திருப்தி தரவில்லை. அந்த வினாவுக்கு ஆறுதலாக விடை தேடுவதே இன்றைய உரையின் நோக்கமாகும்.

நான் கூறிய நாவல் 'அட்டுவானின் கல்லறைகள்'. 1971ஆம் ஆண்டு வெளிவந்தது. எழுதியவர் உர்சுலா லெ குவின். 1929இல் கலிபோர்னியாவிலே பிறந்து, 2018இல் ஓரிகன் மாநிலத்திலே மறைந்தவர். விஞ்ஞானப் புனைகதை, மாயக்கற்பனைக் கதை என்னும் இரண்டு துறைகளிலும் பெரும்புகழ் பெற்றவர். இவ்விரண்டையும் சேர்த்து ஊகப் புனைவு என்று குறிப்பிடலாம். 'இப்படியொரு உலகம் இருந்தால் அங்கே மனிதர் எப்படி வாழ்வர்?' என்னும் ஊகத்திலே எழுப்பப்படுவது அது. மந்திரமும் பறவைநாகமும் வருகின்றன என்பதற்காக அதனைச் சிறுவர் கதையென்று தள்ளிவிடுவோர் உளர். ஆகாயவழிப் பயணங்களையும் அள்ள அள்ளக் குறையாத பாத்திரத்தையும் காப்பியங்களிலே படித்து வளர்ந்த நாம் அவ்வாறு தள்ளிவிட வேண்டியதில்லை.

லெ குவின் படைத்த உலகின் பெயர் ஏர்த்சீ. எண்ணற்ற தீவுகள் நிறைந்த உலகம் அது. அங்கே ஒவ்வொருவருக்கும் இரண்டு பெயர்கள் உண்டு. ஒன்று ஊர் அழைக்கும் பெயர். மற்றையது மெய்ப்பெயர். ஒருவருடைய மெய்ப்பெயரை அறிந்தவர் அவர்மீது ஆதிக்கம் செலுத்தலாம். ஆதலால் உயிருக்குயிரானவருக்கன்றி வேறெவருக்கும் அதனைச் சொல்வதில்லை. இந்த ஒரு விதியை மனத்திலிருத்திக்கொண்டால் கதை முழுவதும் விளங்கிவிடும்.

இனிக் கதைக்கு வருவோம். ஏர்த்சீயின் கிழக்கே கார்காட் நாடு. அங்கே பாலைவனத்தின் நடுவே பெயரற்ற தெய்வங்களின் கல்லறைகள் உள்ளன. தலைமைப் பூசாரிணி இறந்த அதே இரவிலே பிறந்த பெண்குழந்தையைத் தேடிக் கண்டுபிடித்து, இறந்தவளே மீண்டும் பிறந்தாள் என்று சொல்லிக் கொண்டுவருவது அங்குள்ள வழமை. அப்படிக் கொண்டுவரப்பட்டவள்தான் டெனார். பெற்றோரிடமிருந்து அவளைப் பிரிக்கும்போது வயது 5. ஒரு சடங்கிலே அவளுடைய பெயர் தெய்வங்களுக்கு இரையாக்கப்படுகின்றது. அதன்பின் அவள் அர்ஹா. உண்ணப்பட்டவள் என்பது அதன் பொருள்.

விலக்கப்பட்ட நாயகி என்றதும் ஊருக்குப் புறத்தே துரத்தப்பட்ட ஏழைப்பெண் ஒருத்தியே நம் மனக்கண்முன் வருவாள். லெ குவின் காட்டுவது வேறுவகை. அர்ஹா தாழ்த்தி விலக்கப்பட்டவளல்லள், உயர்த்தி விலக்கப்பட்டவள். எல்லோரும் அவளை வணங்குவர். ஆயினும் அவள் தனிமைப்படுத்தப்பட்டவள். சிறுமியாக இருந்தபோது பெந்தே என்னும் தோழியுடன் சேர்ந்து அவளும் ஒரு குறும்பு செய்கின்றாள். தண்டனை பெந்தேக்கு மட்டுமே. அர்ஹாவை எவரும் தண்டிக்க முடியாது. குற்றம் செய்தாலும் ஏசுவதற்கு ஆளில்லாத தனிமை எவ்வளவு கொடியது என்பதை இச்சிறு நிகழ்ச்சி உணர்த்திவிடுகின்றது. பீடத்தில் ஏற்றி வைப்பதும் ஒருவகை ஒதுக்கல்தான்.

அவளுடைய ஆட்சிப்பரப்போ நிலத்தின் கீழுள்ள சுரங்கமும் அதனை அடுத்த சிக்கல்வழிகளும். சுரங்கத்திலே விளக்கேற்றுதல் பாவம். விரல்களால் சுவரைத் தடவித் திருப்பங்களை எண்ணியே நடக்கவேண்டும். கைதிகள் மூவர் பலிக்காக அனுப்பப்பட்டபோது, உணவும் நீருமின்றி அவர்கள் இறக்கவேண்டுமென்று ஆணையிடுபவளும் அவளே. அவளுக்குக் கிடைத்த அதிகாரம் அவ்வளவுதான்: கொல்லும் அதிகாரம். அதன்பின் அவளுடைய நித்திரை கெடுகின்றது.

ஒருநாள் ஒளி புகாத அந்தச் சுரங்கத்திலே ஒளியைக் காண்கின்றாள். தன் கோலின் நுனியிலே மந்திர ஒளி ஏந்தியவனாய் ஒருவன் நிற்கின்றான். இரண்டாக உடைந்த பழைய வளையமொன்றின் ஒரு பாதியைத் தேடி வந்தவன். இரு பாதிகளும் பொருந்தினால் தீவுகளிடையே அமைதி நிலவும் என்பது நம்பிக்கை. அவனுடைய வழக்குப் பெயருக்கு வல்லூறு என்று பொருள். அவனோ செம்புநிறம் கலந்த கருமேனியன், அவளோ வெண்ணிறத்தவள். அவளுடைய மக்கள் அவனுடைய மக்களைச் சூனியக்காரர் என்று வெறுப்பவர்கள். ஏர்த்சீயின் மாந்தரிற் பெரும்பாலோரைக் கருநிறத்தவராக லெ குவின் திட்டமிட்டே படைத்தார். 2004இல் வந்த தொலைக்காட்சித் தொடர் வெள்ளைநிற நடிகரை வல்லூறாக்கியபோது அவர் பகிரங்கமாகவே கண்டித்து எழுதினார். பகை இனத்தவர் இருவரின் நட்பு என்பது இக்கதையின் முதுகெலும்பு. நிறத்தை அழித்தால் அதுவும் முறிந்துவிடும்.

வழக்கப்படி அவனைத் தாகத்தால் சாகவிட வேண்டும். இரும்புக்கதவை அடைத்துவிட்டு மேலிருந்து துவாரத்தின் வழியே பார்த்துக்கொண்டிருக்கின்றாள். பின்னர் தண்ணீர் கொடுக்கின்றாள், உணவு கொடுக்கின்றாள். ஏன் கொடுக்கின்றாள் என்பது அவளுக்கே தெரியாது. வாழ்நாளில் முதன்முறையாக வெளியுலகத்தை அறிந்த ஒருவருடன் பேசுகின்றாள் என்பதே நாம் அறியும் காரணம். அவனோ அவளுடைய மெய்ப்பெயரைக் கண்டறிந்து, டெனார் என்று அழைக்கின்றான். உண்ணப்பட்ட பெயர் திரும்பி வருகின்றது. அதற்குமேலும் ஒன்று செய்கின்றான். தன் மெய்ப்பெயரையும் அவளிடம் சொல்லிவிடுகின்றான். ஏர்த்சீயின் விதியை இப்போது நினைவுகூருங்கள். கைதியாய் இருப்பவன் காவல்காரியின் கையிலே தன் உயிரை எடுத்துக் கொடுக்கின்றான். நம்பிக்கையென்று நாம் எளிதாகச் சொல்லும் சொல்லுக்கு இதைவிடத் தெளிவான விளக்கம் வேண்டுமா?

இனித் தப்பிச்செல்லும் பகுதி. சுரங்கம் இடிந்து விழாதபடி தன் ஆற்றல் முழுவதையும் செலவிட்டுத் தாங்கிநிற்கின்றான் அவன். ஆனால் அவனுக்கு வழி தெரியாது. இருட்டிலே திருப்பங்களை எண்ணி நடத்திச் செல்பவள் அவள். ஒருவரில்லாமல் மற்றவர் உயிருடன் வெளியேறியிருக்க இயலாது. எனவே என் மாணவியின் வினாவிலேயே ஒரு பிழை இருந்தது. காப்பாற்றியவன் அவனல்லன், காப்பாற்றப்பட்டவளும் அவளல்லள். இருவரும் ஒருவரையொருவர் காத்தனர்.

அப்படியாயின் கத்தி எதற்கு? அன்று சொல்லத் தவறியதை இன்று மூன்று காரணங்களாகச் சொல்கின்றேன்.

முதலாவது, விடுதலை அவளுக்குப் பாரமாக இருக்கின்றது. தான் வணங்கியது வணங்கத்தகாதது என்று கண்டுவிட்டவளுக்குக் கழிந்த ஆண்டுகளெல்லாம் வீணாகிவிட்டன. தான் சாகவிட்ட மூவரின் நினைவோ வெளியுலகிலும் கூடவே வருகின்றது. இரண்டாவது, அவன் அவளுடன் தங்கப்போவதில்லை. தன்னுடன் இருந்துவிடும்படி அவள் கேட்கின்றாள். தனக்குரிய கடமைகளுக்குத் தான் போகவேண்டியவன் என்று அவன் ஒளிக்காமல் சொல்கின்றான். மூன்றாவது காரணமே முக்கியமானது. அந்தக் கை கற்ற தொழில் அது ஒன்றே. வாழக் கற்றுத்தராமல் கொல்ல மட்டும் கற்றுத்தந்த இடத்திலிருந்து வந்தவள், துயரம் மேலிட்டபோது கற்றதையே செய்ய முனைகின்றாள். கத்தி பயன்படாமலே போகின்றது. அவள் இருளுக்காகப் படைக்கப்பட்டவளல்லள், ஒளியை ஏந்தவே படைக்கப்பட்டவள் என்பதை அவன் எடுத்துரைக்கின்றான்.

பெயரைப் பற்றி இவ்வளவு ஆழமாக எழுதியவரின் குடும்பத்திலேயே, பெயர் சொல்லாத மனிதர் ஒருவரின் வரலாறு இருந்தது. லெ குவினின் தந்தையார் அல்பிரட் குரோபர் புகழ்பெற்ற மானிடவியலாளர். 1911இல், தம் இனமாகிய யாகி மக்கள் அனைவரும் அழிந்தபின் எஞ்சிய ஒருவர் கலிபோர்னியாவின் ஒரோவில் நகரருகே வெளிப்பட்டார். தம் பெயரைத் தாமே அந்நியருக்குச் சொல்லுதல் அவர்கள் மரபன்று. ஆகவே அவர்கள் மொழியிலே மனிதன் என்று பொருள்படும் இஷி என்னும் சொல்லால் குரோபர் அவரை அழைத்தார். 1916இல் இறக்கும்வரை இஷி சான் பிரான்சிஸ்கோ நூதனசாலையிலேயே வாழ்ந்தார். அங்குள்ளோர் சிலருடன் மெய்யான நட்பும் கொண்டிருந்தார். ஆயினும் இறந்தபின் அவருடைய மூளை எடுக்கப்பட்டு ஆய்வுப்பொருளாக வோஷிங்டனுக்கு அனுப்பப்பட்டது. அனுப்பியவர் குரோபரே. 2000ஆம் ஆண்டிலேதான் அது அவருடைய உறவினமான பழங்குடியினரிடம் மீளக் கையளிக்கப்பட்டது. லெ குவினின் தாயார் தியோடோரா குரோபர் இஷியின் வரலாற்றை 1961இல் நூலாக வெளியிட்டார்.

இஷியே டெனாரின் மூலம் என்று நான் வாதிடவில்லை. நண்பரென்று சொல்லிக்கொண்டே ஒருவரை நம்முடைய உடைமையாகவும் வைத்திருக்க முடியும் என்ற உண்மையை அவ்வரலாறு நமக்கு உணர்த்துகின்றது. அதனை அறிந்தபின் வல்லூறு டெனாரை விட்டுப் பிரியும் இடம் வேறொரு பொருள் தருகின்றது. கதவைத் திறந்துவிட்டவன், திறந்த கூலியாக அவளைக் கேட்கவில்லை.

இக்கதையின் மறுபாதியை எழுத லெ குவினுக்கு 19 ஆண்டுகள் சென்றன. 1990இல் வந்த 'டெஹானு' அது. டெனார் இப்போது கொன்ட் தீவிலே நடுத்தர வயதுக் கமக்காரப் பெண், விதவை, பிள்ளைகள் வளர்ந்துவிட்டனர். அவளிடம் ஒரு சிறுமி வந்து சேர்கின்றாள். வயது 6 அல்லது 7. வளர்க்கவேண்டியவர்களாலேயே சிதைக்கப்பட்டு நெருப்பிலே தள்ளப்பட்டவள். முகத்தின் ஒரு பாதியும் ஒரு கண்ணும் ஒரு கையும் கருகிப்போயின. ஊரார் இரங்குவதைக் காட்டிலும் அஞ்சுவதே அதிகம். இவ்வளவு துன்பம் வந்ததென்றால் அதற்கு அவளிடமே ஏதோ காரணம் இருக்கவேண்டும் என்பது அவர்கள் எண்ணம். முன்னைய கதையில் உயர்த்தி விலக்கப்பட்டவளைக் கண்டோம். இங்கே அருவருத்து விலக்கப்பட்டவளைக் காண்கின்றோம். முன்னவளே பின்னவளின் துணை.

இந்த வீட்டைச் சுற்றிச் சேர்பவர்களையும் பாருங்கள். அழுக்குடையுடன் திரியும் நாட்டு மருத்துவச்சியும் சூனியக்காரியுமான மொஸ் மாமி ஒருத்தி. மந்திர ஆற்றல் முழுவதையும் இழந்து, அரசனின் தூதுவர் கண்ணிற் படவும் நாணி ஒளிந்து வரும் வல்லூறு இன்னொருவன். முன்னொருகால் உலகமே போற்றிய வீரன் இப்போது ஆடு மேய்க்கின்றான். உலகம் மதிக்காதவர்கள் ஒருவர்க்கொருவர் உணவு சமைத்து, காயத்துக்கு மருந்து தடவி, பயந்த பிள்ளைக்குக் கதை சொல்லி வாழ்வதே கதையின் பெரும்பகுதி. சாகசத்தை எதிர்பார்த்து வந்த வாசகர் சிலர் ஏமாற்றமடைந்தனர். ஆனால் அந்தச் சமையலறைதான் லெ குவின் காட்ட விரும்பிய வீரம்.

முடிவிலே, தீய மந்திரவாதி ஒருவன் டெனாரையும் வல்லூறையும் கட்டிப் பாறை விளிம்புக்குக் கொண்டுபோகின்றான். சிறுமியை அவன் பொருட்படுத்தவில்லை. அவளோ எவரும் கற்பிக்காத ஆதிமொழியிலே கலெசின் என்னும் மூத்த பறவைநாகத்தை அழைக்கின்றாள். அது வந்து அவளை டெஹானு என்று விளிக்கின்றது. அது ஒரு விண்மீனின் பெயர். அவள் பறவைநாகங்களின் குலத்தவள். தன்னுடன் வரும்படி அது அழைத்தபோதும், தன்னை வளர்த்தவர்களுடன் இருக்கவே அவள் அப்போது தீர்மானிக்கின்றாள். 2001இல் வெளிவந்த 'மற்றைய காற்று' என்னும் நாவலிலேதான் அவள் சிறகு பெற்றுப் பறந்துபோகின்றாள்.

அந்தப் பிரிவிலே டெனார் கண்ணீர் விடாதிருக்க இயலுமா? ஆயினும் அவள் தடுக்கவில்லை. கடற்கரையிலே தன்னைவிட்டுப் போகவிருந்தவன்மீது கத்தியெடுத்த அதே பெண், முதுமையிலே தன் மகளைப் போகவிடுகின்றாள். இடையிலுள்ள வாழ்க்கை முழுவதும் அந்தக் கை புதிதாகக் கற்ற பாடம் இது.

என் மாணவிக்கு நான் சொல்லவேண்டிய மறுமொழி இதுதான். பிள்ளாய், கத்தியோடு கதை முடியவில்லை. விலக்கப்பட்ட ஒருத்திக்குப் பெயர் ஒருநாளிலே கிடைத்துவிடலாம். அந்தப் பெயருக்குரிய வாழ்க்கையை வாழ்ந்து பழக நாள் செல்லும். நண்பர் என்பவர் அதுவரை பொறுத்திருப்பவர். போகவேண்டிய வேளையிலே வழிவிடுபவர்.